கை தூக்கினால் விடு

தையல்காரருக்குப் பொம்மை விமானப் பைத்தியம். மரப் புரொப்பெல்லரை நுனி குறைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிளேடுகளின் எடையைச் சமமாக்குவார். விரிசல் விட்டவை தனி டப்பாவில் கிடக்கும்.

மைதான நடுவில், விமானத்தைக் கட்டிச் சுற்றிப் பறக்கவிடும் கம்பிகளின் கைப்பிடியோடு நின்றபோதுதான், இன்று அந்த டப்பாவிலிருந்து எடுத்து மாட்டியது உறைத்தது. கம்பிகளின் மறுமுனையில், இரையும் விமானத்தைப் பிடித்தபடி மச்சினன். முகம் புரொப்பெல்லரை ஒட்டி.

“தள்ளிப் போடா.”

“கேக்கல அத்தான்.”

பதறிக் கையைத் தூக்கினார். தூக்கினால் விடு என்பதுதான் அவர்கள் பேசிவைத்த சைகை. விட்டான், தப்பினான்.

இனி பிளேடு தெறித்தால் பக்கவாட்டில்தான், அதாவது நடுவில் நிற்பவர் மேல்தான். எஞ்சினை நிறுத்த வழியில்லை; பெட்ரோல் தீரும்வரை விமானம் அவரைச் சுற்றும். டேங்க்கைத் தளும்பத் தளும்ப நிரப்பியவரும் அவரேதான்.