ஜெனரலும் பக்கத்து வீட்டு குக்கரும்

ஒலிப்புத்தகம் படிக்கிறவனுக்கு முதல் எதிரி ஃபேன், இரண்டாம் எதிரி பக்கத்து வீட்டு குக்கர். திருச்சி வெயிலில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மைக் முன்னால் வியர்வையோடு வாசித்துப் பிழைக்கும் சக ஜீவன்களே, இது உங்களுக்குத்தான்.

வீடு பார்த்த படலம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, பொழுதைத் தள்ள வழியில்லாமல் இந்த வேலை கேட்டேன். வீட்டிலேயே பதிவு செய்ய முடியுமா என்று பார்க்க, மன்னார்புரத்து ஸ்டுடியோவிலிருந்து பிரபு திருவானைக்காவலுக்கு வந்தார். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி என் குரலைக் கேட்டார். வீட்டைத்தான் வெகுநேரம் கேட்டார். ஹாலில் நின்றார், படுக்கையறையில் நின்று கண்ணை மூடினார். டிவி ஓடவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இத்தனை நாளாக என்னைத் தின்றுகொண்டிருந்த அமைதிக்கு அவர் முழு மதிப்பெண் போட்டார்.

"வீடு பிரமாதம் சார். இப்படி அமைய நீங்க கொடுத்து வச்சிருக்கணும்!"

பருப்பும் போரும்

எனக்குக் கிடைத்தது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்தி ஜெயித்த ஒரு ஜெனரலின் வாழ்க்கை வரலாறு. போருக்கு முன்னால் அவர் தொட்டதெதுவும் துலங்கவில்லை. மனைவி மக்களைப் பிரிந்து எங்கோ ஒரு கோட்டையில் கிடந்தார். தனிமை தாங்காமல் குடித்தார் என்பார்கள். ராணுவத்தை விட்டார், விறகு விற்றார். அந்தத் தனிமையை நான் உருகி வாசித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

பக்கத்து ஃப்ளாட் விஜயாவிடம் போய், பதிவு முடிகிறவரை பொறுக்கும்படி கெஞ்சினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் கதவைத் தட்டி, "சார், குக்கர் வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார். யோசித்துப் பார்த்தால், ஒரு நாளில் என்னிடம் யாராவது கேட்கிற ஒரே கேள்வி அதுதான். ஆனால் முதல் நாள் அவர் சொன்னது வேறு.

"அமெரிக்காக்காரன் சண்டை போட்டா எங்க வீட்டுப் பருப்பு வேகக் கூடாதா சார்?"

வெங்காய வண்டி

போர் முடிகிற அத்தியாயம். தோற்ற தளபதி பளபளவென்று வருகிறார், நம்மவர் சேறு படிந்த உடையில் போய் நிற்கிறார். தோற்றவர்கள் தங்கள் குதிரைகளை ஊருக்கு ஓட்டிப்போய் ஏர் பூட்டட்டும் என்று விட்டுவிட்டார். சரியாக அங்கே, ஸ்ரீரங்கம் சுற்றிவிட்டு வந்த துறையூர் வெங்காய வண்டி ஒலிபெருக்கியில் அலறியது.

கீழே ஓடினேன். வண்டிக்காரர் நிறுத்திவிட்டு, அப்படி என்ன சார் படிக்கிறீங்க என்றார். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், நடுத்தெருவில் நின்று அத்தியாயம் முழுவதையும் சொன்னேன்.

"குதிரையை விட்டுட்டாரா? என் டிராக்டரைத் தூக்கிட்டுப் போன ஃபைனான்ஸ்காரன்கிட்ட அவரை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க சார்."

சாக விடாதவன்

கடைசியில் ஜெனரலுக்குத் தொண்டையில் புற்றுநோய். பேச முடியாமல் சீட்டில் எழுதிக் காட்டினார். தன் கதையை எழுதி முடித்த சில நாளில் கண்ணை மூடினார். குரலை வைத்துப் பிழைக்கிறவன் இதை எப்படி வாசிப்பேன்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவர் போய்விட்டால், காலையில் என் கதவைத் தட்ட யாருக்கும் காரணம் இருக்காது. அதனால் நன்றாக வந்த அத்தியாயங்களையே மறுபடி மறுபடி வாசித்து அனுப்பினேன். பிரபு போன் செய்தார்.

"சார், விறகு விக்கிற சாப்டர் திரும்பவும் வந்திருக்கு. அவரைச் சண்டைக்கு அனுப்பி, நல்லபடியா சாக விடுங்க சார்!"

முடிந்த பிறகு

விட்டேன். வாசித்து முடித்ததும் அழுகை வந்தது, அழுதேன்.

மறுநாள் விஜயா வழக்கம்போல் கதவைத் தட்டினார். முடிந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. "அரை மணி பொறுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஃபேனை நிறுத்தி, அணைத்து வைத்த மைக் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் இப்படியே ஓடியது. அந்தம்மா வீட்டில் பாவம், காலேஜுக்குப் போகிற பிள்ளைகள். இன்று மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன். புத்தகம் போன வாரமே முடிந்தது, இனிமேல் என்னைக் கேட்க வேண்டாம் என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் சார். அன்னிக்கு நீங்க அழுதது எங்க வீட்டுல கேட்டுச்சு. அரை மணி லேட்டா வெந்தா பருப்பு ஒண்ணும் கோவிச்சுக்காது. நாளைக்கும் வந்து கேக்கறேன்."

சத்தமே இல்லாத வீடு என்று நம்பி எனக்குக் கொடுத்த வேலை இது. தினமும் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் பிரபு என்ன சொல்வாரோ!