நேர்த் தெருவில் போயிருக்க வேண்டியவர்

அன்னம்மாள் அவர்களின் உடலை நாங்கள் பெரிய தெரு வழியாக எடுத்துச் செல்லவில்லை. காலனிப் பிணம் அந்தத் தெருவில் போகக் கூடாது என்ற பழைய வழக்கப்படி, ஏரிக்கரையைச் சுற்றிக் கொண்டுபோனோம். தடுக்க யாரும் வரவில்லை. அவருக்கு அநீதி செய்தவர்கள் காலனிக்காரர்களாகிய நாங்களேதான்.

போன செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவர் மகள் ஷீலா போன் செய்தாள். "மாமா, அம்மா போய்ட்டாங்க. நேர் வழியில எடுக்கணும்னு சொல்லிகினே இருந்தாங்க. நீங்கதான் முன்னால நடக்கணும்." நடக்கிறேன் என்றேன்.

முடிச்சூரைத் தாண்டியிருக்கும் எங்கள் ஊரிலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிய முதல் பெண் அன்னம்மாள். வயல்கள் மனைகளாகி, பெரிய தெருக்காரர்களுக்கும் தினமும் தாம்பரம் போக வேண்டியிருந்த காலம். அந்தத் தேவை அவருக்கு ஒரு வழியைத் திறந்தது. அதில் அவர் தம் இஷ்டப்படி ஓட்டினார். ஒருநாள் பெரிய தெருப் பெரியவர் ஒருவர் வண்டியில் என் பக்கத்தில் உட்கார மனமில்லாமல் நின்றார்.

"இன்னா சார், பொண்ணு பாக்கவா வந்தீங்க? குந்தறதுன்னா குந்துங்க. இல்லன்னா பஸ்ஸு பின்னால வருது" என்றார் அன்னம்மாள்.

பெரியவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். மறுநாள் ஏறினார். ஒரு மாதத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

நோயில் படுத்தபின் அன்னம்மாள் என்னிடம் கேட்டார்: "உசுரோட அந்தத் தெருவுல நாளைக்குப் பத்து வாட்டி போய் வந்தேன். பொணமானா மட்டும் இன்னாத்துக்குண்ணா சுத்தினு போணும்?"

அன்னம்மாளை எடுத்துச் சென்ற அன்று பெரிய தெரு முனை வந்தது. தெரு திறந்து கிடந்தது. மேளக்காரர்கள் யாரையும் கேட்காமல் ஏரிப்பக்கம் திரும்பினார்கள். என் கால்களும் திரும்பின. சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் என் பின்னால் வந்தார்கள். கரை ஏறியதும் ஷீலா கத்தினாள்: "மாமா, இன்னா இது?"

"நில்லுங்கடா!" என்றேன்.

"எடுத்த பெட்டியத் திருப்பக் கூடாது பெருசு. வுடு" என்றார்கள்.

அடுத்துப் போகிறவன் அநேகமாக நான். ஆகவே சொல்லி வைக்கிறேன். என்னை எடுப்பதற்கு முன்பே மேளக்காரர்கள் பெரிய தெருவில் ஒருமுறை நடந்து பழக வேண்டும். ஏரிக்கரைத் திருப்பத்தில் என் மகன் குறுக்கே நிற்க வேண்டும். எவன் கால் திரும்பினாலும் பிடித்துத் தள்ள வேண்டும். அன்னம்மாள் வண்டியில் போய்வந்த பெரிய தெருக்காரர்கள் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். ஷீலா, நீ உன் அம்மாவின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் பெட்டிக்கு முன்னால் நடக்க வேண்டும். முதலில் அவர் போகட்டும்.