திருவிடந்தை பியானோவுக்கு மூச்சு நின்ற கதை

ரிப்பேர்காரன் வாசலில் கால் வைக்குமுன்பே வியாதிக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். மிக்ஸி, பம்புசெட் பார்க்கும் சகோதரர்களே, பியானோ பார்க்கும் எனக்கும் அதே தலையெழுத்துதான்.

உருளி

திருவிடந்தைப் பக்கம் ஒரு கடலோர ரிசார்ட். வரவேற்பறையில் கிராண்ட் பியானோ. அதன் மூடிமேல் தண்ணீரும் தாமரையுமாகப் பித்தளை உருளி. "சத்தம் மொத்தையா வருது, உடனே செத்துடுது" என்றார் மேனேஜர். படாளத்தில் நின்றபடி மகாபலிபுரத்தில் கம்பி அறுந்ததைக் கேட்டவன் நான். உருளியை எடுங்கள், உள்ளே பார்க்கணும் என்றேன். ஆள் அசையவில்லை.

"கெஸ்ட்டெல்லாம் செல்ஃபி எடுக்கற உருளி பெரியவரே. கோளாறு வாசிக்கிற ஸ்டெல்லா கையில. சனிக்கிழமையோட அந்தப் பொண்ண நிறுத்தப்போறேன். பியானோ நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க!"

நகம்

ஸ்டெல்லா செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண். "ரெண்டு மாசமா இன்னும் பலமாத்தான் அடிக்கிறேன் அங்கிள்" என்று விரலைக் காட்டினாள். நுனியெல்லாம் சிவந்திருந்தது. மூடியின் முன்மடிப்பை மட்டும் திருப்பி, கம்பிகளை விடுவிக்கும் பெடலை மிதித்தபடி ஒரு கம்பியை நகத்தால் சுண்டினேன். டொக். அடுத்ததும் டொக். "இவ விரலே படல, அப்பவும் சாகுதே, இதுக்கு யார் கை காரணம்?" என்று நான் போட்ட சத்தத்தில் கடல் இரண்டடி பின்வாங்கியது. மேனேஜர் அசரவில்லை.

"அது நீங்க சுண்டின கையோட கோளாறா இருக்கும்."

பொட்டு

உருளியை நானே தூக்கினேன். தண்ணீர் முழுக்க மேனேஜர் ஷூவில். வேண்டுமென்றேதான். மூடியைத் திறந்தால், கம்பிக்குக் கம்பி சந்தனம், குங்குமம்! இருநூற்றுச் சொச்சம் பொட்டு, காய்ந்து கம்பியைக் கவ்விக்கொண்டிருந்தது. கம்பி அதிர்ந்தால்தானே ஐயா நாதம் நிலைத்து நிற்கும்? தோட்டக்காரர் ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு நான்தான் வச்சேன் நைனா. ஜெனரேட்டருக்கு ஒண்ணு போதும், இது வெல ஜாஸ்தி, ஒரு கம்பிய வுடாதடான்னு மேனேஜரு பக்கத்துல நின்னுகினு சொன்னாரு."

கை

சாயங்காலம்வரை பிரஷ்ஷால் சுரண்டினேன். ஸ்டெல்லா ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். நான் திருக்கழுக்குன்றம் போய் மலையேறி இறங்கி வந்தேன், இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் தரையைப் பார்த்தபடி, "சரிம்மா, அடுத்த வாரமும் வந்துடு" என்றார்.

"வரேன் சார். என் கையைப் பத்தி எல்லாரும் கேக்கத்தானே சொன்னீங்க? மன்னிப்பும் அப்படியே கேளுங்க."

கேட்டார், ஆனால் அந்த மன்னிப்பு அரை நொடிகூட நிற்கவில்லை, அந்தக் கோளாறைச் சரிசெய்யும் கருவி என் பையில் கிடையாது.