மூன்றாம் குழியின் வலப்பக்கம்

அந்தப் பெண்ணின் தோளில் கோல்ஃப் பந்து பட்டபோது நான் மைதானத்து அலுவலக வாசலில் நின்று அவல் போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பட்ட சத்தம் கேட்கவில்லை. கூட நடந்து வந்த பெண்கள் சட்டென்று குனிவதையும், ஆட்டக்காரர் ஒருவர் மட்டையைப் போட்டுவிட்டு ஓடுவதையும் பார்த்துத்தான் நானும் ஓடினேன். அவள் நடந்து வந்தது நான் போட்ட பாதை. ஓடும்போது அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

தோட்டங்களும் பூங்காக்களும் வடிவமைப்பது என் தொழில். நாங்கள் குடியிருக்கும் மராத்தி ஊரில், கோந்த்வா பகுதிக்குப் போகும் வழியில் இருந்த அந்தக் கோல்ஃப் மைதானம் மாநகராட்சி நிலம்; குழி ஒன்றுக்கு ஒரு நீளப் புல்வெளியாக, ஒன்பது குழிகள் கொண்ட சின்ன மைதானம். பொதுமக்களுக்கென்று அமைத்தது. ஆனால் பொதுமக்கள் பார்த்தது அதன் மதிலை மட்டும்தான். மதிலுக்கு ஒரு பக்கம் நெருக்கமான வீடுகள், மறுபக்கம் அடுக்குமாடிக் கட்டடங்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் அந்தப் பக்கத்து வீடுகளில் வேலைக்குப் போக, மதிலைச் சுற்றி அரைமணி நேரம் நடந்தார்கள். உள்ளே காய்ந்த புல்லில் பத்துப் பெரியவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் நிலம் வேறு எதற்காவது போய்விடும் என்று பேச்சு வந்த பிறகுதான், மைதானத்தை நடத்த வந்த புதிய குழு என்னைக் கூப்பிட்டது.

ஒன்பது குழிகளை ஆறாகக் குறைத்தேன். மிஞ்சிய இடத்தில் பிள்ளைகள் ஓடியாட ஒரு திடல், வாடகை மட்டையோடு யார் வேண்டுமானாலும் ஆட்டம் பழக ஒரு இடம், புல்லுக்குச் சுத்திகரித்த கழிவுநீர். எல்லாவற்றையும்விட, ஒரு மதிலிலிருந்து மறு மதில் வரை ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் கேட்.

பாதையை மூன்றாம் குழிக்கு வலப்பக்கம் வரைந்திருந்தேன். ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் ஒருவர், என் வயதுதான் இருக்கும், வரைபடத்தைப் பார்த்துவிட்டு மராத்தியில் சொன்னார்.

"மேடம், புதுசா ஆடுறவங்க அடிச்சா பந்து வலது பக்கம்தான் பிச்சிக்கிட்டுப் போகும். பாதையை இடது பக்கம் கொண்டுபோங்க."

இடப்பக்கம் ஓடை இருந்தது. பாலம் கட்ட வேண்டும், அதற்கு அனுமதி வாங்க வேண்டும், ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பாதையோரம் ஒரு வரிசை மரக்கன்று நட்டுவிட்டு, "வளர்ந்துடும்" என்று அவரிடம் சொன்னேன். அவை என் முழங்கால் உயரம்கூட இல்லை.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே போனது. காலையில் பாதை நிறையப் பெண்கள். ஆட்டப் பயிற்சிக்கு ஊரின் மறுகோடிக் கராடியிலிருந்தெல்லாம் ஐடி பையன்கள் வந்தார்கள். நான் கூப்பிட்ட இரண்டு கூட்டமும் ஒரு புதன்கிழமை காலை மூன்றாம் குழியருகே மோதிக்கொண்டன.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஹிந்தியில் ஏதோ கேட்டேன். "ஐயோ, தொடாதீங்க" என்றாள்.

"தமிழாம்மா?"

"ஆமாக்கா. கோந்த்வால இருக்கோம்."

பந்தை அடித்த பையனுக்கு அது நான்காவது வகுப்பு. முகம் வெளுத்துப்போய் 'சாரி, சாரி' என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவரை கூட வந்தான். மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தோளெலும்பில் மெல்லிய விரிசல், ஒரு மாதம் கையைத் தொங்கவிடாமல் கட்டியிருக்க வேண்டும் என்றார்கள். வைத்தியச் செலவையும் அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தையும் குழு ஏற்றுக்கொண்டது. அன்று மாலையே பாதையின் இரண்டு கேட்டையும் பூட்டிவிட்டார்கள்.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துடைத்த அடுப்பு மேடையை மறுபடி துடைத்தேன். வேறு வேலைக்கான வரைபடத்தைத் திறந்து, ஒரு கோடு போடாமல் மூடினேன். சாகண் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கொஞ்சம் உக்காரேன்" என்றார்.

"உக்காந்தா அந்தப் பூட்டுதான் கண்ணுல நிக்குது."

"அப்ப போய் அந்தப் பொண்ணைப் பாரு. இங்க நடந்து என்ன ஆகப்போவுது?"

மறுநாள் போனேன். ஒரே அறை. கட்டுப்போட்ட கையோடு எழுந்து, "சாய் போடறேன், உக்காருங்கக்கா" என்றாள். வேண்டாமென்றால் கேட்கவில்லை. ஒரு கையாலேயே பாலை ஊற்றினாள்.

"தப்பு என்னோடதும்மா. பாதையை அந்தப் பக்கம் போட்டது நான்தான். வேணாம்னு ஒருத்தர் சொல்லியும் போட்டேன்" என்றேன்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"கேட்டுக்குத் தாலா போட்டுட்டாங்களாமே, நெஜமாவா?"

"ஆமா."

"எனக்கு அடிபட்டதுக்கு எல்லாரும் சுத்திப் போறாளுங்க. பக்கத்து வீட்டுக்காரி நேத்து என்னைத்தான் பேசறா. உன்னாலதான் ரஸ்தா பந்த் ஆச்சுன்னு."

"அடிக்கறப்ப கத்தினாங்களாமே, கேக்கலையா?" என்று கேட்டேன்.

"கேட்டுச்சே. ஃபோர், ஃபோர்னு கத்துனாங்க. எதை நாலுன்னு எண்றாங்கன்னு திரும்பிப் பாத்தேன். அப்பதான் பட்டுச்சு."

பந்து ஆள் பக்கம் போனால் ஆட்டக்காரர்கள் எச்சரித்துக் கத்தும் சொல் அது. கோல்ஃப் ஆடாத எவருக்கும் அதன் பொருள் தெரியாது. துப்பாதே, பூப் பறிக்காதே என்று மூன்று மொழியில் பலகை எழுதி வைத்திருந்தேன். இதைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. அந்தச் சாயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வாரக் கடைசியில் குழு கூடியது. "நடக்கறவங்களுக்கு ரோடு இருக்கு. இது ஆடற இடம்" என்று பழைய ஆட்டக்காரர் ஒருவர் ஹிந்தியில் சொன்னார். நான் எழுந்து நின்றேன். பாதை வேண்டும் என்பதில் தவறில்லை, அதை நான் போட்ட இடம்தான் தவறு, என்னிடம் முன்பே சொன்ன ஆள் வெளியே நிற்கிறார் என்றேன். தலைவர் பை சுமப்பவரை உள்ளே கூப்பிட்டு, அவரிடமே வழி கேட்டார்.

"பாலம் வர்ற வரைக்கும், ஜனங்க நடக்கற நேரத்துல மூணாம் குழியில ஆட வேணாம். அஞ்சு குழி ஆடட்டும்" என்றார் அவர். "அப்புறம், ஃபோர்னு கத்தாம பச்கேன்னு கத்தச் சொல்லுங்க. அது எல்லாருக்கும் புரியும்." ஒதுங்கு என்று தெருவில் வண்டிக்காரர்கள் கத்தும் சொல்தான் அது.

அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பெரியவர்கள் கோபித்துக்கொண்டு வேறு மைதானத்துக்குப் போனார்கள். பந்தை அடித்த பையன் இரண்டு வாரம் வரவில்லை, பிறகு வந்தான். கூட்டம் முடிந்த திங்கட்கிழமை கேட் திறந்தபோது நான் வாசலிலேயே நின்றேன். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒருத்தியும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடைமேல் பாலம் வர ஒரு மழைக்காலத்துக்கு மேல் ஆனது. இந்த முறை கோடு போடுவதற்கு முன் பை சுமப்பவரோடு இடப்பக்கம் முழுக்க நடந்தேன். அவர் சுண்ணாம்புத் தூளால் குறிக்கக் குறிக்க நான் வரைபடத்தில் ஏற்றினேன். நடுவில் இரண்டு முறை அவரை அவசரப்படுத்தினேன். அவர் வேகம் கூட்டவில்லை.

பாலம் திறந்த வாரத்தில் அந்தப் பெண் தன் மகளோடு வந்தாள். மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வாடகை மட்டையை வாங்கி, மூன்று முறை காற்றை அடித்து, நான்காவது முறை பந்தை இருபதடி உருட்டினாள்.

"நீயும் அடிச்சுப் பாக்கறியா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேணாங்கக்கா. தோள் மழைக்கு இன்னும் வலிக்குது" என்றாள். மகளுக்கு மட்டும் இன்னொரு கூடைப் பந்து வாங்கித் தந்தாள்.

என் வேலை அங்கே முடிந்துவிட்டது. யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை காலையில் போய்ப் பாலத்தருகே நிற்கிறேன். மட்டை பந்தில் படும் சத்தம் கேட்டதும் பந்தைத் தேடுவதில்லை; பாதையில் நடப்பவர்களைத்தான் பார்க்கிறேன். கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடிவதில்லை, கிளம்பிவிடுகிறேன்.