ஆர்லோவின் காலிக் கட்டம்

அந்தக் காலத்தில் எங்கள் அயோவா மாநிலத்தில் ஒவ்வோர் ஊர் வங்கியும் தன் பெயரைப் போட்டே டாலர் நோட்டு விட்டது. வங்கிக் கேஷியர் மை தொட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். என் கணவர் ஆர்லோவுக்கு அந்தப் பழைய நோட்டுகள் என்றால் பைத்தியம். அக்கம்பக்கத்து ஊர் நோட்டெல்லாம் சேர்த்துவிட்டார். எங்கள் எல்ம்ரிட்ஜ் நோட்டு மட்டும் அகப்படவே இல்லை. வருஷா வருஷம் நோட்டுக் கண்காட்சியில், ஊருக்கொரு கட்டமாக அவர் வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் சொந்த ஊருக்குக் காலிக் கட்டம். மானம் போயிற்று.

மனுஷனுக்கு வாய் வேறு சும்மா இருக்காது. யாராவது ஆசையாக ஒரு நோட்டைக் காட்டினால், "இதைச் சோப்புத் தண்ணியில அலசியிருக்கீங்க. கெடுத்துட்டீங்களேய்யா!" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார்.

இந்த வசந்தத்தில் தேவாலய விருந்தில், அவருடைய பழைய பள்ளி ஆசிரியை செல்மா பிரான்ட்வால்ட் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பா கேஷியரா இருந்தப்ப கையெழுத்துப் போட்ட எல்ம்ரிட்ஜ் நோட்டு ஒண்ணு பைபிளுக்குள்ள கெடக்கு. எனக்கப்புறம் யாரு இருக்கா? ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கோடா, ஆர்லோ."

அந்த வாரம் முழுக்க மனுஷன் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை.

ஞாயிறன்று காப்பித் தட்டிலேயே நோட்டை வைத்துக் கொண்டுவந்தார் செல்மா.

"மை மங்கி அப்பா பேரே தெரியலடா. அதான் இஸ்திரி போட்டு, பேனாவால அந்தக் கையெழுத்து மேலேயே எழுதிட்டேன். அப்பா கையப் பிடிச்சுக்கிட்டு எழுதுற மாதிரி இருந்துச்சு. நல்லாருக்கா?"

பளபளவென்று நீல பால்பாயின்ட் மை. பழைய நோட்டு சேர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

ஆர்லோ வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ரொம்ப நல்லாருக்கு டீச்சர்."

வரும் வழியில் சோளக்காட்டு ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு விசும்பி அழுதார், பாவம்.

ஆனாலும் கண்காட்சியில் அந்த நோட்டு கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. கீழே அவரே ஓர் அட்டை எழுதிவைத்தார்: 'கையெழுத்து: கேஷியர் பிரான்ட்வால்ட். அதன் மேல் எழுதியவர்: மகள் செல்மா.' நோட்டு சேர்க்கும் பக்கத்து ஊர் வெர்லின் கெக்கெக்கே என்று சிரித்தான். "எந்தப் புண்ணியவதி வேலைய்யா இது?" என்றான். ஆர்லோ, "கேஷியர் பெத்த புண்ணியவதி. உங்க ஊர் நோட்டுல மகளும் சேர்ந்து எழுதியிருக்காங்களா?" என்று கேட்டதும் அவன் அடுத்த மேசைக்கு நழுவிவிட்டான்.

மத்தியானம் செல்மா தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அட்டையைப் படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து நோட்டையே உற்றுப் பார்த்தார். கை தானாகக் கைப்பைக்குள் போய் நீலப் பேனாவோடு வெளியே வந்தது.

"ஆர்லோ, கண்ணாடியத் திறடா. கடைசி எழுத்து கொஞ்சம் கோணலா விழுந்திருக்கு."

ஆர்லோ என்னைப் பார்த்தார். பிறகு பெட்டிச் சாவியை எடுத்தார்.