ராகி மாவில் எழுதிய ழ

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இரண்டு முறை நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதோடு மூடி வைத்தேன். மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவன் எழுத்துப் பிழையைப் பற்றி எழுதுவதா என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நிஜமான காரணம் அல்ல. நிஜமான காரணம் வெட்கம். எதற்கு வெட்கம் என்பதை நடுவில் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பொய்யாகிவிடும். அந்தத் தைரியத்தை ஈசுவரன் இப்போதுதான் கொடுத்திருக்கிறான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான், கன்னட எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற மத்திகிரி மாட்டுப் பண்ணையில் மாடு பார்க்கிற ஆளாக இருந்தேன். நானும் மனைவியும் எங்கள் ஒரே மகளும் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் நான் பிறந்த ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது ஒரு கன்னடப் பள்ளிக்கூடம் மட்டும்தான். அதனால் என் கை முதலில் பழகியது கன்னட எழுத்து. தமிழ் எழுத்தைப் பெரியவனான பிறகு, சாமி படத்துக்கு அடியில் போட்டிருக்கிற பெயர்களையும் கடைப் பலகைகளையும் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். படிக்க வரும். எழுதுவது அரைகுறை.

மகள் மூன்றாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு முறை தவறிவிட்டாள். கணக்கு நன்றாகப் போடுவாள், பாட்டு ஒரு தடவை கேட்டால் போதும். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதுவது மட்டும் வராது. அதிலேதான் போயிற்று.

பொங்கலுக்கு வேப்பனப்பள்ளியிலிருந்து என் அண்ணன் வந்திருந்தார். அங்கே அவருக்கு மாந்தோப்பு இருந்தது.

"என்னாடா, பாப்பா இன்னும் மூணாவதுதானா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணா. சித்திரைக்கு முன்னால மறுபடியும் பரீட்சை வருது."

"இந்தத் தடவையும் போச்சுன்னா நிறுத்திடு. எங்க ஊட்டுல மருமவளுக்குக் கைக்கொழந்தை. தூக்கிவெச்சிகினு இருக்க ஒரு ஆளு வேணும். எங்கிட்ட அனுப்பிடு, காத்தாடத் தோப்புல இருப்பா."

அண்ணன் பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லை. "சரி அண்ணா" என்று சொல்லிவிட்டேன். அடுப்பங்கரை வாசலில் நின்று மகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் பஸ் ஏறிப் போனபிறகு என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா ஊர்ல பள்ளிக்கூடம் இருக்காப்பா?"

"இருக்குது."

"அப்ப நான் போலாமா?"

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார் பள்ளிக்கூடம் போவார்கள்?

மறுநாள் வேலைக்குப் போகும்போது ஒரு யோசனை வந்தது. கன்னடப் பள்ளிக்கூடத்தில் எங்களை மணலில்தான் எழுத வைத்தார்கள். அந்த எழுத்து ஒன்றுகூட இன்றுவரை மறக்கவில்லை. விரல் உரசிப் பழகினது போகாது. அன்று சாயந்திரம் முறத்தில் ராகி மாவைப் பரப்பி மகள் முன்னால் வைத்தேன். நான் வார்த்தை சொல்ல, அவள் விரலால் எழுதுவாள். சரியாக இருந்தால் முறத்தை ஒரு தட்டுத் தட்டினால் மாவு சமமாகிவிடும், அடுத்த வார்த்தை. கன்றுக்குட்டி கட்டுகிற பழைய கயிற்றை வளைத்துத் தரையில் எழுத்து செய்வோம். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவி என்ன எழுத்து என்று அவள் சொல்ல வேண்டும்.

"கன்னுக்குட்டி கயிறில்லாம ஊரைச் சுத்துது, இங்க அப்பனும் மவளும் கயித்துல எழுத்துப் பண்றாங்க" என்றாள் மனைவி. "அந்த மாவு நாளைக்குக் களிக்கு வேணும். அழுக்குக் கையை அதுல வெக்காதீங்க."

மகளுக்கு ஒரே குஷி. பலப்பமும் சிலேட்டும் தொட்டால் தூக்கம் வருகிறவள், முறத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

இப்போது அந்த வெட்கத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் மழை என்று சொன்னேன். அவள் மாவில் 'மழை' என்று எழுதினாள். நான் அழித்தேன். "தப்பு, ள போடு" என்றேன். எங்கள் பக்கத்தில் மளை என்றுதான் வாயில் வரும். கன்னடத்திலும் மழைக்கு மளெ, கோழிக்குக் கோளி, வாழைக்குப் பாளெ. எல்லாவற்றுக்கும் ளகரம்தான். வாயும் அதையே சொல்கிறது, நான் படித்த எழுத்தும் அதையே சொல்கிறது, பிறகு என்ன சந்தேகம் என்று எனக்குத் தோன்றியது.

"இல்லப்பா, வாத்தியார் இப்படித்தான் போட்டாரு. வால் இருக்கிற ழ."

"புத்தகத்தைக் கொண்டா."

புத்தகம் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அந்த வாரம் அது அங்கே இருந்தது. எழுந்து போய் வாங்கிப் பார்க்க எனக்குச் சோம்பல், இல்லை, பிடிவாதம் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் மறுபடியும் ழ போட்டாள். கையில் இருந்த கயிற்று நுனியால் அவள் விரலில் ஓர் அடி அடித்தேன். அதற்குப் பிறகு அவள் நான் சொன்னபடியே எழுதினாள். மளை, பளம், கோளி, வாளை. மூன்று வாரம் அந்தத் தப்பை மாவிலும் கயிற்றிலும் அவள் விரலில் ஏற்றினேன். புத்தகம் வீட்டுக்கு வந்த வாரத்திலும் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

பிறகு வாத்தியார் ஆள் அனுப்ப, பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவர் தெற்கே எங்கோ இருந்து வந்து எங்கள் ஊரில் வேலை பார்த்தவர், நல்ல மனுஷர். சிலேட்டை என் முன்னால் நீட்டினார்.

"முன்னெல்லாம் இந்தப் பிள்ளை ழ மட்டுமாச்சும் ஒழுங்காப் போடும். இப்ப அதுவும் போச்சு. எல்லாத்துக்கும் ள. யாருய்யா வீட்ல சொல்லிக் குடுக்கறது? கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது."

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"நான்தான் சார். நான் கன்னடம் படிச்சவன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "வாய் சொல்றதத்தான் கை எழுதும். மொதல்ல வாயைச் சரி பண்ணுங்க. ள சொன்னா நாக்கு மேல தொடும். ழ சொன்னா மடியும், ஆனா தொடாது. இன்னும் நாள் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, சாமி முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமாக இருந்தது. பிறகு மகளைக் கூப்பிட்டேன். அது சுலபமாக இல்லை.

"அப்பா தப்பாச் சொல்லிட்டேன்மா. நீ போட்ட ழ தான் சரி."

"எனக்குத் தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா ள போட்ட?"

"நீ அடிச்சியே."

இதற்கு மேல் அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினோம். இனி அவள் சொல்ல, நான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எனக்கு எழுத்தைவிட நாக்குத்தான் பெரிய தொல்லை. எத்தனை தடவை சொன்னாலும் பளம் என்றே வந்தது. தொட்டதா தொடவில்லையா என்று எனக்கே தெரியாது.

காலையில் குளித்துத் திருநீறு பூசி, ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். ஒரு நாள் நான் போட்டுக்கொண்டதும் மகள் ஓடி வந்தாள். "அப்பா, முழுங்காத! அப்படியே பழம் சொல்லு!" என்றாள். சொன்னேன். "வாயைத் தொறப்பா." திறந்தேன். வெளிச்சத்துக்காக என் முகத்தைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பி, அண்ணாந்து உள்ளே பார்த்தாள்.

"மேல வெள்ளையா ஒட்டிகினு இருக்குது. நீ சொன்னது ள!"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊரு மாட்டுக்கெல்லாம் வாயைத் தொறந்து பல்லு பாத்தீங்க. இப்ப உங்களுக்குப் பாக்கறாங்க, நல்லா வேணும்."

சாமி பிரசாதத்தில் விளையாட்டா என்று ஒரு நிமிஷம் கோபம் வரப் பார்த்தது. பிறகு யோசித்தேன். நான் மன்னிப்புக் கேட்ட சாமி இப்படி வழி காட்டினால், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பழம், மழை இரண்டு வார்த்தையிலும் ழ வைத் தவிர மற்ற எழுத்துக்கு நுனி நாக்கு மேலே போவதே இல்லை. அதனால் திருநீறு மேலே ஒட்டினால் ள, ஒட்டாவிட்டால் ழ. தினம் காலையில் ஆளுக்கொரு சிட்டிகை, ஆளுக்கொரு வார்த்தை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ என் மேல்வாய் சுத்தமாக இருந்தது. மகள் கை தட்டினாள். நாற்பதை நெருங்கிய வயதில் எனக்கு முதல் ழ வந்தது.

கை மட்டும் அவ்வளவு சீக்கிரம் திருந்தவில்லை. அவள் விரல் பழைய பழக்கத்தில் ள வுக்குப் போகும், பாதியில் நிற்கும், மாவில் ஒரு குழி விழும், பிறகு திரும்பும். அதற்காக இன்னும் சில வேலைகள் செய்தோம். பண்ணையில் மாட்டு மருந்து வந்த காலி அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கிச் சதுரமாக வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை, அதில் ஓர் எழுத்துக்கு மட்டும் இடம் காலி. வெல்லக் கட்டி, புளி, வாழைக்காய் எல்லாம் தரையில் வரிசையாக இருக்கும். பொருளைக் கையில் எடுத்து, பேரை வாயால் சொல்லி, காலி இடத்தில் கயிற்று எழுத்தை வளைத்து வைக்க வேண்டும். கோழி என்ற அட்டையை நிஜக் கோழியின் காலில் கட்டினாள். அது வேலி தாண்டிப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மா அட்டையோடு வந்து, "உங்க ழ எங்க குப்பையைக் கிளறுது, வந்து புடிச்சிகினு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுத்தே தெரியாத என் மனைவியும் கடைசியில் உட்கார்ந்தாள். முறுக்கு மாவு பிசைந்தபோது மகள் காட்டிக் கொடுக்க, ம போல ஆரம்பித்துக் கீழே வாலைச் சுருட்டி ழ சுற்றினாள். எண்ணெயில் போட எடுக்கும்போது வால் அறுந்து விழும். "வாலறுந்ததெல்லாம் உங்கப்பனுக்கு, வாலோட வந்ததெல்லாம் உனக்கு" என்று பங்கு பிரித்தாள். வாலோடு ஒன்று வர வேண்டும் என்று மகளே மாவை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்த ஒரு நாளில் அவள் கை ழ வைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு மாவில் குழி விழவில்லை.

பரீட்சை அன்று நான் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தேன். கை வேலை செய்தது, வாய் ஈசுவரன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

தேறியவர்கள் பெயரைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய அன்று மூன்று பேரும் போனோம். மகள் பெயர் இருந்தது. அவள் ஒரு தடவை படித்தாள், நான் ஒரு தடவை படித்தேன், மனைவி விரலை வைத்து எது எது என்று கேட்டுத் தடவிப் பார்த்தாள். வாத்தியார் வெளியே வந்தார்.

"ழ எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. மாடு பாக்கறவர் மகள் கறவை மாட்டுக்குச் சின்ன ர போட்டுட்டாளே!"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சொல்லிக் கொடுத்திருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

அன்றைக்கே ஒரு கார்டு எடுத்து, தமிழில் என் வாழ்நாளில் முதல் கடிதத்தை அண்ணனுக்கு எழுதினேன். "பாப்பா நாலாம் வகுப்புக்குப் போகிறாள். இனிமேல் தவறினாலும் படிக்கட்டும் என்று இருக்கிறேன். குழந்தையைப் பார்க்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் வேண்டாம்." மகள் வாங்கிப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினாள். அவளே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டாள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்களைப் பெற்றவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கையால் நகல் எடுத்துக் கொடுத்தாலும் புண்ணியம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முறுக்கையும் கோழியையும் சொல்லிவிட்டு, என்மேல் இரக்கப்பட்டு அந்தக் கயிற்று அடியை யாரும் விட்டுவிட வேண்டாம். நான் எழுதியபடியே போகட்டும். உங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் ஈசுவரன் துணை இருக்கட்டும்.