வரகுக் கஞ்சியும் கடைசி வரியும்

காலை ஆறேகால் மணி, இருபத்தாறு டம்ளர், சுந்தரேசன். டெல்லி ஜனக்புரியில் எங்கள் கூழ்க்கடை தினமும் இந்த மூன்றோடுதான் திறக்கும். டம்ளர்களை என் மனைவி மீனா கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பாள். மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற சுந்தரேசன் வரிசையில் முதல் ஆளாக நிற்பார்.

கடை என்றால் முழுக் கடை அல்ல. மார்க்கெட்டில் நோட்டுப் புத்தகம் விற்பவர் பத்து மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்குவார். அதுவரை அவர் வாசல் எங்களுடையது. ஒரு மேஜை, மூன்று பானை, ஒரு பலகை. கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், வரகுக் கஞ்சி. வெயில் காலத்தில் பழைய சோறும் உண்டு. நான் இருபத்தொன்பது வருடம் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்தித் தலைப்புப் போட்டவன். இப்போது மீனாவுக்கு எடுபிடி. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: கூழ் விற்கிறவனிடம் ருசி எப்படி என்று யாரும் கேட்பதில்லை, எந்த வியாதிக்கு என்றுதான் கேட்பார்கள்.

ரஜாய்க்குள் பானை

கூழ் புளிக்க வேண்டும். புளித்தால்தான் அது வயிற்றுக்கு இதம். புளிக்காதது வெறும் மாவு கரைத்த தண்ணீர். மதுரைப் பக்கத்தில் மாலையில் கரைத்து வைத்தால் காலையில் தயாராக இருக்கும். டெல்லி ஜனவரிக்கு அந்த விஷயம் தெரியாது. கடை ஆரம்பித்த முதல் வாரம் பானையைத் திறந்து பார்த்தால் நேற்று வைத்தது நேற்று வைத்தபடியே இருந்தது. மீனா யோசித்து, பானையை ஒரு ரஜாயில், அதாவது குளிர்காலப் பஞ்சுப் போர்வையில், சுற்றி ஹீட்டர் உள்ள அறையில் வைத்தாள். இரண்டாம் நாளே மேலே குமிழி வந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஹீட்டர். அந்த ரஜாய் என்னுடையது. இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பக்கத்து அறையில் படுத்தவன், மூன்றாம் நாள் தும்மிக்கொண்டே நியாயம் கேட்டேன். மீனா பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்குச் சளி பிடிச்சா மாத்திரை இருக்கு. கூழ் புளிக்கலைன்னா அதுக்கு என்ன இருக்கு?"

தரம்வீரின் முடிவு

ஆட்டோ ஓட்டும் தரம்வீர் ஹரியானாவில் ரோத்தக் பக்கத்து ஆள். ஒரு வாரம் எதிர்ப்புறத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாம் நாள் இறங்கி வந்து, இது என்ன என்று கேட்டான். எனக்கு வாய்த்த நல்ல இந்தியில் விளக்கினேன். தமிழர்கள் பன்னெடுங்காலமாகக் குடித்துவருவது, கம்பில் இரும்புச் சத்து உண்டு, நார்ச்சத்து உண்டு, பசி தாங்கும், வெயிலுக்கு உடம்பைக் குளிர வைக்கும் என்று நீளமாகவே சொன்னேன்.

பிறகு ஒரு டம்ளர் வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். மீசையைத் துடைத்துக்கொண்டான். அவன் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அங்கிள், இதுக்குப் பேரு ராப்ரி. எங்கம்மா கம்பு மாவுல மோர் ஊத்திக் கரைப்பாங்க. நீங்க வெங்காயம் போட்டிருக்கீங்க, அவ்வளவுதான்."

செல்விக்குக் கிடைத்த பிஸ்கட்

செல்விக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். நாலு வீட்டில் சமையலும் வீட்டு வேலையும். அதில் ஒன்று சுந்தரேசன் வீடு. ஆறரைக்கு வந்து, நின்றபடியே ஒரு டம்ளர் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு ஓடுவாள். பகல் ஒரு மணி வரை வேறு எதுவும் வேண்டாம் என்பாள். அந்தத் தானியத்தைப் பற்றி நான் பலகையில் எழுதிய எல்லாவற்றையும்விட அந்த ஒரு மணிதான் பெரிய சாட்சி.

ஒரு நாள், வேலை செய்யும் வீட்டுக்காரர்களையும் இங்கே அனுப்பேன் என்று மீனா சொன்னாள். செல்வி டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, காலையில கூழு குடிச்சிட்டு வந்தேன்னு நான் சொன்னப்ப, ஐயோ பாவம்னு ரெண்டு பிஸ்கட் குடுத்தாங்க. இப்ப அதே வீட்ல அந்தம்மா குடிக்குது, டயட்டாம். எனக்கு பிஸ்கட்டு நின்னு போச்சு."

நாலு வார்த்தைத் தலைப்பு

பலகை என் இலாகா. கறுப்புப் பலகை, சாக்பீஸ், தினம் ஒரு தானியம். பழைய பழக்கப்படி மேலே பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே பொடி எழுத்தில் விவரம். 'எலும்புக்குக் கேழ்வரகு' என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுதுவேன். அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, ஆனால் அது மட்டுமே போதாது என்பதை அடியில் பொடியாகப் போடுவேன். பத்திரிகையில் இருந்தவர்களுக்குத் தெரியும், எந்தச் செய்தியிலும் 'ஆனால்' கடைசிப் பத்தியில்தான் உட்காரும். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். நான் வெட்டவில்லை, எழுத்தைச் சின்னதாக்கினேன். அதுவே பெரிய நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் பலகையைப் படிக்கக்கூடியவர்கள் குறைவு. இங்கேயே பிறந்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. செல்வி பள்ளிக்கூடம் போனதில்லை. தரம்வீரைக் கேட்கவே வேண்டாம். ஆகவே சுந்தரேசன் அதை உரக்க வாசிப்பார், முதலில் தமிழில், பிறகு இந்தியில், அலுவலகச் சுற்றறிக்கை போல. பலகையை ஒட்டி நின்றுதான் வாசிப்பார். சில நாள் மூக்கு நுனியில் சாக்பீஸ் தூள் இருக்கும். ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். இடது கண் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பலவீனம். இருக்கிற வலது கண்ணில் புரை விழுந்து முற்றிக்கொண்டிருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஜூலையில் ஒரு நாள் 'வரகு சாப்பிடு, சர்க்கரையை அடக்கு' என்று எழுதினேன். நாலே வார்த்தை, கச்சிதமாக விழுந்திருந்தது. அடியில் வழக்கம்போல் பொடி எழுத்தில் ஒரு வரி. சுந்தரேசன் தலைப்பை இரண்டு முறை வாசித்தார். சர்க்கரை வியாதிக்காரர் அவர்; கேழ்வரகு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னிலேர்ந்து எனக்கு வரகுக் கஞ்சி சார். எழுத்து மூலமா வந்துடுச்சு, அது போதும்."

இரண்டு டம்ளர்

ஆகஸ்டில் அவரைக் கண் அறுவை சிகிச்சைக்கு மகன் அழைத்துப் போனார். ஆஸ்பத்திரியில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஏறியிருக்கும்போது கத்தி வைக்க முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அவர் இரண்டு டம்ளர் வரகுக் கஞ்சி கேட்டார். மீனா கொடுத்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வியாபாரம் பெருகுகிறது என்றுகூட எனக்குத் தோன்றியது. அதை மறைப்பதற்கில்லை.

செப்டம்பரில் மறுபடி போனார், மறுபடி திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் அவர் காலி டம்ளரை மேஜையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைக்க ஆரம்பித்திருந்தார். ரோட்டைத் தாண்டச் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடம் வாங்கிய செய்தித்தாளை நிறுத்தச் சொல்லிவிட்டார். இருப்பது ஒரு கண், அதுவும் இப்படி மூடிக்கொண்டே போனால் என்ன செய்வது என்று மீனா கேட்டபோது, கீழே விழுந்த டம்ளரைத் துழாவி எடுத்தபடியே சொன்னார்: "எனக்கு வரகு பத்தலையா, வரகுக்கு நான் பத்தலையா, தெரியலையேம்மா."

குறையாத டப்பா

அக்டோபரில் ஒரு காலை செல்வி கூழைக் குடிக்காமல் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். சுந்தரேசன் அறையில் மாத்திரை டப்பா ஒன்று இருக்கிறது, ஏழு நாளைக்கு ஏழு அறை. முன்பெல்லாம் மருமகள் ஞாயிறுதோறும் நிரப்பி வைப்பாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியவர் சொன்னதிலிருந்து அவள் தொடுவதில்லை. "டெய்லி அதுமேல தூசி தொடைக்கிறேண்ணா. ஏழும் ரொம்பியே இருக்குது. ஒண்ணுகூடக் கொறையல."

வரிசை கலைந்த பிறகு அவரிடம் கேட்டேன். ஒளிக்கவில்லை. "ஒரே வேலைக்கு ரெண்டு பேரைப் போட்டா ஆடிட்ல கேப்பாங்க சார். வரகு வந்து சார்ஜ் எடுத்துக்கிச்சு, மாத்திரையை ரிலீவ் பண்ணிட்டேன். நீங்கதானே போட்டிருந்தீங்க, சர்க்கரையை அடக்குன்னு?" கீழே இன்னொரு வரியும் இருந்தது என்றேன். அரிசிக்குப் பதிலாகத்தான் வரகு, மாத்திரைக்குப் பதிலாக அல்ல என்று தெளிவாக எழுதியிருந்தேனே என்றேன்.

அவர் பலகை இருந்த பக்கம் திரும்பினார். "கீழேயா? தலைப்புக்கு அடியில கோடுதானே சார் போட்டிருந்தீங்க?"

மாத்திரை கிடைக்குமா?

அன்றே அவர் மகனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். என் பங்கையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை; கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். டாக்டர் மாத்திரையை மீண்டும் தொடங்கினார். உணவு ஆலோசனை சொல்லும் பெண், வரகு நல்லதுதான், ஆனால் இப்படிக் குழையக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும், அதுவும் இரண்டு டம்ளர் என்றால் கேட்கவே வேண்டாம், உதிரியாகச் சாதம் வடித்து அளவாக, கீரையும் சுண்டலுமாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். தொன்றுதொட்டு இருக்கிற தானியம்தான்; மென்று தின்பவனுக்குச் செய்வதையே குடித்துவிட்டுப் போகிறவனுக்கும் செய்யும் என்று நான் எண்ணியது தவறு. மறுநாளிலிருந்து மீனா அவருக்குக் கஞ்சி கொடுப்பதை நிறுத்தினாள். ஒரு சின்ன டப்பாவில் வரகுச் சோறும் பச்சைப்பயறுச் சுண்டலும் வைத்து நீட்டினாள்.

நான் பலகையைத் தலைகீழாக்கினேன். 'மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று மேலே பெரிதாக, தமிழிலும் இந்தியிலும். தானியத்தின் பெருமை அடியில், பொடி எழுத்தில். சுந்தரேசனையே அந்தப் பெரிய எழுத்தை வரிசைக்கு வாசிக்கச் சொன்னேன். ஒரு வாரம் கூட்டம் குறைந்தது. புதிதாக வந்தவர் ஒருவர்தான், மெட்ரோவுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பேங்க் ஆசாமி. பலகையைப் பார்த்து நின்று, பானைகளைப் பார்த்து, மறுபடி பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாய் சாப், சுகர் மாத்திரை பத்து நாளைக்கு ஒரு ஸ்டிரிப் கிடைக்குமா? கொஞ்சம் ஜல்தி."

வேப்ப மரத்திலிருந்து

நவம்பரில் சர்க்கரை இறங்கியது. தரம்வீரின் ஆட்டோவில் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மகன் கூடப் போனார். மூன்றாவது முறை யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஒரு வாரம் அவர் இல்லாமல் கடை திறந்தது. பலகையை யாரும் வாசிக்கவில்லை, நானும் அக்கறையாக எழுதவில்லை.

எட்டாம் நாள் காலை கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். செல்வி கூடவே வந்தாள், ஆனால் அவர் அவள் கையைப் பிடித்திருக்கவில்லை. கடைக்குப் பத்தடி முன்னால் இருக்கும் வேப்ப மரத்தடியில் நின்றார். அங்கிருந்தே தலைப்பை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வரியாக இறங்கி, அடியில் இருந்த பொடி எழுத்து வரைக்கும் வந்தார். 'அரிசியைக் குறைத்து அளவோடு சாப்பிட்டால், சர்க்கரையை அடக்க வரகு உதவலாம்' என்பதை முழுக்க வாசித்தார். மீனா கண்ணாடியைப் போடச் சொன்னாள். அவர் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இது ஜூலையில மேல இருந்த ஆளாச்சே சார். யாரு டிமோட் பண்ணினது?"

நவம்பர் பதினெட்டாம் தேதி சுந்தரேசனின் வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. இருபத்தொன்பது வருடம் தலைப்பு எழுதிய எனக்கு, கடைசி வரியையும் ஒருவர் படிக்கக்கூடும் என்பது இருபத்தாறாம் தேதி காலை ஆறேகால் மணிக்குத் தெரியவந்தது.